உடம்புக்குள் ஒரு காவல்காரன்

தன்பாத்-ஆலப்புழை எக்ஸ்பிரஸ் திருப்பூர் ஸ்டேஷனில் வந்து நிற்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். பையும் படுக்கையுமாக இளைஞர்கள் இறங்குகிறார்கள். ஒருவர் ஜார்கண்டுக்காரர். இன்னொருவர் ஒடிசாக்காரர். வேறு ரயில்களில் பீகார், வங்காளம், அஸ்ஸாம் ஆட்கள் வருகிறார்கள். மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியவர்கள் எத்தனையோ பேர். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரத்தில் நாலு பாஷை கேட்கிறது!

பாஷை வேறு, பழக்கம் வேறு. ரத்தம் எல்லோருக்கும் சிவப்புதானே? ஆமாம். ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு பிரிவுகள்தான் எங்கும் உண்டு. பிரிவு பொருந்தினால், பீகார்க்காரர் கொடுத்த ரத்தம் பெருமாநல்லூர்க்காரர் உடம்பில் ஏறும். எந்தத் தடையும் இல்லை.

ஆனால் அதே ரத்தத்தில் இன்னோர் அடையாளம் ஒளிந்திருக்கிறது. அது நான்கு வகையோடு நிற்பதில்லை. ஆயிரக்கணக்கில் வகைகள்! கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்குள்ளேகூட அது மாறுபடும். அந்த அடையாளம் பொருந்தாததால், மருந்து இருந்தும், டாக்டர் இருந்தும், சிகிச்சை செய்ய முடியாமல் காத்திருக்கும் குழந்தைகள் நம் நாட்டில் உண்டு.

அது என்ன அடையாளம்?

யார் நீ?

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இவைதான் உடம்பின் காவல்காரர்கள். இரவு பகல் பாராமல் உடம்பு முழுவதும் ரோந்து வருகின்றன. வழியில் காணும் ஒவ்வோர் உயிரணுவையும் “யார் நீ? உள்ளே என்ன வைத்திருக்கிறாய்?” என்று விசாரிக்கின்றன.

உயிரணு பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்லும்? தனக்குள்ளே இருக்கும் சரக்கில் ஒரு துணுக்கை எடுத்து, வெளியே நீட்டிக் காட்டும். கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் பையைத் திறந்து காட்டுகிறோமே, அதைப் போல. உள்ளே விஷக் கிருமி புகுந்திருந்தால் கிருமியின் துணுக்கும் வெளியே தெரியும். உடனே காவல்காரன் அந்த உயிரணுவையே தீர்த்துக்கட்டி விடுவான்.

துணுக்கை ஏந்திக் காட்டும் அந்தக் கைக்குத்தான் எச்.எல்.ஏ. என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். 1987-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பமீலா பியோர்க்மன் என்ற பெண் விஞ்ஞானியும், அவருடைய பேராசிரியர் டான் வைலியும், மற்றவர்களும் சேர்ந்து இதன் உருவத்தைப் படம் பிடித்துக் காட்டினார்கள். நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் துணுக்கு உட்காருகிறது. உள்ளங்கையைக் குவித்து விபூதி வாங்குகிறோமே, ஏறக்குறைய அப்படி!

இந்த உள்ளங்கையின் பள்ளம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் கையில் இந்தக் கிருமியின் துணுக்கு நன்றாக உட்காரும். இன்னொருவர் கையில் அது நழுவிவிடும். வேறொரு கிருமியின் துணுக்கு கச்சிதமாகப் பொருந்தும். இதுவரை கண்டுபிடித்துப் பட்டியல் போட்ட வகைகள் மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேல்! மனித உடம்பில் இவ்வளவு தினுசு உள்ள மரபணு வேறு இல்லை.

தாய்மார் ரத்தத்தில் கிடைத்த துப்பு

இந்த ரகசியம் வெளிவந்த கதை சுவையானது. ஜீன் டாசே என்று ஒரு பிரெஞ்சு டாக்டர். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளை அவர் கவனித்து வந்தார். அவர்களுடைய ரத்த நீரை வேறு ஆட்களின் வெள்ளை அணுக்களோடு கலந்தார். சிலருடைய அணுக்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டன. சிலருடையவை ஒட்டவில்லை. அப்படியானால் வெள்ளை அணுக்களிலும் வகைகள் உண்டு! 1958-ல் முதல் வகைக்கு அவர் பெயரிட்டார். 1980-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1958-ல், ஹாலந்தில் வான் ரூட் என்பவரும், அமெரிக்காவில் ரோஸ் பெய்ன் என்ற அம்மையாரும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் துப்புக் கொடுத்தவர்கள் பல பிள்ளைகள் பெற்ற தாய்மார்கள். வயிற்றில் வளரும் சிசுவுக்குப் பாதி அடையாளம் தகப்பனுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியச் சரக்கு. ஆகவே தாயின் ரத்தம் அதை அடையாளம் கண்டு குறித்து வைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட தாய்மார்களின் ரத்த நீர்தான் பல ஆண்டுகள் இந்தச் சோதனைக்கு மருந்தாகப் பயன்பட்டது. வீட்டுக்காரரின் அடையாளம் மனைவியின் ரத்தத்தில் பதிந்து கிடக்கிறது என்றால் வேடிக்கை அல்லவா?

ஷேடு மாறியிருக்கு!

சரி, அடையாளம் பொருந்தாவிட்டால் என்ன? திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

சாயப்பட்டறையிலிருந்து துணி வருகிறது. எல்லாம் ஒரே நீலம்தான். ஆனால் திங்கட்கிழமை சாயம் ஏற்றிய லாட்டுக்கும், புதன்கிழமை சாயம் ஏற்றிய லாட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். உடம்புத் துணியை ஒரு லாட்டிலும் கைத் துணியை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்துவிட்டால், நம் கண்ணுக்குத் தெரியாது. செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். “ஷேடு மாறியிருக்கு” என்று பீஸை ஒதுக்கி வைத்துவிடுவார்.

வெள்ளை அணுக்கள் அந்த அக்காவைவிடக் கெட்டிக்காரர்கள். ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைத்தால், ஷேடு மாறியிருப்பதை உடனே கண்டுபிடித்துத் தாக்குகின்றன. 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் உண்டான இரட்டையர்! இருவரும் ஒரே லாட்.

எலும்பு மஜ்ஜை மாற்றுவதில் சங்கடம் இன்னும் பெரிது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் உற்பத்தியாகும் தொழிற்சாலை. வெள்ளை அணுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தச் சோகையோடு பிறந்த குழந்தைக்கும் இந்தத் தொழிற்சாலையையே மாற்ற வேண்டியிருக்கிறது. அப்போது காவல்காரர்களும் வெளியாட்களாகவே வருகிறார்கள். அடையாளம் பொருந்தாவிட்டால், வந்த காவல்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிப்பான். தோல், குடல், ஈரல் எல்லாம் பாழாகும். உயிருக்கே ஆபத்து.

இந்தியாவில் ஆண்டுதோறும் 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் தலசீமியாவோடு பிறக்கின்றன. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் அவர்கள் நடமாட முடியும். நிரந்தரமாகக் குணமாக வேண்டுமானால் மஜ்ஜை மாற்று சிகிச்சையே இன்று பெரும்பாலும் கைகொடுக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1986 முதல் இது நடந்து வருகிறது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கோல் இந்தியா கம்பெனி 2017-ல் தொடங்கிய திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. ஆனால் பணம் கிடைத்தாலும் பொருத்தம் கிடைக்க வேண்டுமே!

நாலு சீட்டு

பொருத்தத்தை முதலில் எங்கே தேடுவார்கள்? வீட்டுக்குள்ளேதான்.

அப்பாவிடம் இரண்டு சீட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அம்மாவிடம் இரண்டு. ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா ஒரு சீட்டும் அம்மா ஒரு சீட்டும் கொடுக்கிறார்கள். நோயுள்ள பையனுக்குச் சிவப்பும் மஞ்சளும் கிடைத்திருக்கிறது. அவன் தங்கைக்கு என்ன கிடைத்திருக்கும்? சிவப்பு-மஞ்சள், சிவப்பு-பச்சை, நீலம்-மஞ்சள், நீலம்-பச்சை. இந்த நாலில் ஏதாவது ஒன்று. ஆகவே தங்கை அண்ணனுக்கு முழுதும் பொருந்துவது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

வீட்டுக்கு ஆறு, ஏழு பிள்ளைகள் இருந்த காலத்தில் யாராவது ஒருவர் பொருந்திவிடுவார். இன்று வீட்டுக்கு இரண்டே பிள்ளைகள். ஒரே ஒரு தங்கை. நாலில் மூன்று தடவை அவள் பொருந்த மாட்டாள். சிறு குடும்பம் சீரான குடும்பம் என்பதை நான் மறுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது கையைக் கட்டிப்போடுகிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் சித்தப்பா மகன், அத்தை மகள் என்று யாராவது பொருந்துவதும் உண்டு. இதைக் கேட்டுச் சொந்தத்திலேயே பெண் எடுக்கலாம் என்று கிளம்பிவிட வேண்டாம்! தலசீமியா போன்ற வியாதிகள் பிள்ளைக்கு வரும் ஆபத்தும் சொந்தக் கல்யாணத்தில்தான் அதிகம்.

தாயோ தகப்பனோ பிள்ளைக்குச் சரிபாதி பொருந்துகிறார்கள். பாதிப் பொருத்தத்தோடு மஜ்ஜை மாற்றும் முறையும் சமீப காலத்தில் கைவந்திருக்கிறது. பலர் பிழைத்திருக்கிறார்கள். ஆனாலும் முழுப் பொருத்தம் கிடைத்தால் அதையே டாக்டர்கள் விரும்புகிறார்கள்.

ஏன் இத்தனை தினுசு?

எல்லோருக்கும் ஒரே அடையாளத்தை வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். அப்படி இருந்திருந்தால் மனித குலமே மிஞ்சியிருக்காது! ஒரு கிருமி ஒருவனை ஏமாற்றக் கற்றுக்கொண்டால், உலகத்தில் எல்லோரையும் ஏமாற்றிவிடும். ஒரே சாவி போட்டு ஊரில் உள்ள பூட்டை எல்லாம் திறப்பது போல.

அந்தந்தப் பிரதேசத்தில் எந்த வியாதி ஜனங்களை வாட்டியதோ, அதைத் தாங்கக்கூடிய அடையாளம் அங்கே பெருகியது. ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு சிறிய நாடு. மலேரியா அங்கே குழந்தைகளைக் கொள்ளை கொண்டது. கடுமையான மலேரியாவைத் தாக்குப்பிடித்த குழந்தைகளிடம் பி-53 என்ற அடையாளம் கூடுதலாக இருப்பதை 1991-ல் ஏட்ரியன் ஹில் என்பவரும் அவர் குழுவினரும் கண்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த அடையாளம் சாதாரணம். ஐரோப்பாவில் அபூர்வம்.

நம் பக்கத்துக் கதை காசநோய். காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்தவர்களில், வாழ்நாள் முழுவதும் சேர்த்தாலும், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் நோயில் விழுகிறார்கள். மற்றவர்கள் தப்புவது எப்படி? சத்துணவு, வீட்டில் காற்றோட்டம் எல்லாம் காரணம்தான். ஆனால் உடம்பின் அடையாளத்துக்கும் அதில் பங்கு உண்டா என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.எம்.பிச்சப்பனும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தார்கள். டி.ஆர்-2 என்ற அடையாளம் உள்ளவர்கள் காசநோயாளிகளிடையே கூடுதலாக இருந்தார்கள். சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் அதே அடையாளத்தைச் சுட்டிக்காட்டினார்கள்.

தமிழ்நாட்டு ஜனங்களின் அடையாளங்களை முதன்முதல் விரிவாகக் கணக்கெடுத்தவர்களும் இந்த மதுரைக்காரர்களே. ஒரே ஊரில், ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து வாழும் இரண்டு ஜாதியாரிடையே கூட அடையாளங்களின் விகிதம் மாறியிருப்பதை அவர்கள் கண்டார்கள். காரணம் கல்யாணம்! தலைமுறை தலைமுறையாக அவரவர் ஜாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் சில சீட்டுகள் திரும்பத் திரும்பச் சுற்றி வந்திருக்கின்றன. ஹைதராபாத்தில் டாக்டர் கே.தங்கராஜ் முதலானோர் நடத்திய மரபணு ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன.

இதை வைத்து ஒரு கூட்டம் உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த ஜாதிக்கும் தனிச் சொத்தான அடையாளம் கிடையாது. இங்கே நூற்றில் இருபது பேரிடம் இருப்பது, அங்கே நூற்றில் ஐந்து பேரிடம் இருக்கும். அவ்வளவுதான். காசநோய்க்கு இடம் கொடுக்கும் அடையாளமே வேறொரு கிருமிக்கு எமனாக இருக்கலாம்.

வெளிநாட்டு ஏட்டில் நம் பக்கம்

1972-ல் பிரான்ஸ் தேசத்து எவியான் நகரில் விஞ்ஞானிகள் கூடினார்கள். உலகின் பல மூலைகளிலும் ஜனங்களின் ரத்தத்தைச் சோதித்து, அந்த முடிவுகளை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு ஜனத்தாரின் சீட்டுக்கட்டும் வேறு என்பது அங்கே பளிச்சென்று தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அதன் பிறகு நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரை வைத்தே நடந்தன. வியாதிக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் பெரிய ஆராய்ச்சிகளில் கலந்துகொண்டவர்களை 2018-ல் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 78 பேர் ஐரோப்பிய வம்சத்தினர்! உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்கு இந்தியர். ஆசியா முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்த இடம் நூற்றுக்குச் சுமார் பத்து.

இதனால் நஷ்டம் என்ன? ஓர் உதாரணம். கார்பமசிபைன் என்பது வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து. பல்லாண்டுகளாக லட்சக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்டு வரும் நல்ல மருந்து. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு அதைச் சாப்பிட்டதும் தோல் கொப்புளித்து உரிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். காரணம் புரியாமல் இருந்தது. 2004-ல் தைவான் விஞ்ஞானிகள் தங்கள் ஊர்ச் சீனர்களைச் சோதித்தார்கள். பி-1502 என்ற அடையாளம் உள்ளவர்களுக்கே இது வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரிடம் அது மிக அபூர்வம். அவர்களை மட்டும் சோதித்திருந்தால் வெளிவந்தே இருக்காது. 2007-ல் அமெரிக்க அரசாங்கம், ஆசிய வம்சத்தாருக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் ரத்தச் சோதனை செய்யும்படி எச்சரித்தது. (இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.)

இப்போது நம் நாடும் விழித்துக்கொண்டிருக்கிறது. ஜீனோம் இந்தியா என்ற திட்டத்தில் 80-க்கு மேற்பட்ட ஜனக்கூட்டங்களிலிருந்து சுமார் 10 ஆயிரம் பேருடைய மரபணுக்களை முழுமையாகப் படித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மஜ்ஜை தானப் பதிவேட்டிலும் இதே கதைதான். பொருத்தம் வீட்டில் கிடைக்காதவர்களுக்காக, “நான் தரத் தயார்” என்று முன்வந்தவர்களின் அடையாளங்களைக் குறித்து வைக்கும் ஏடு அது. உலகம் முழுவதும் 4 கோடிப் பேர் பதிந்திருக்கிறார்கள். எட்டுக் கோடி ஜனங்கள் உள்ள ஜெர்மனியில் மட்டும் சுமார் ஒரு கோடி! அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஐரோப்பிய வம்சத்து வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைப்பது நூற்றுக்கு 75. தென்னாசிய வம்சத்தாருக்கு மூன்றில் ஒருவருக்குத்தான்.

சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி என்ற பதிவேட்டில் 5 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் 140 கோடி ஜனங்களுக்கு, அதுவும் இத்தனை வகையான ஜனங்களுக்கு, அது எந்த மூலைக்கு? பெயர் சேர்க்கும் முகாம்கள் பெரும்பாலும் கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும்தான் நடக்கின்றன. ஒடிசாக் கிராமத்து நெசவாளி மகனும், உசிலம்பட்டி விவசாயி மகளும் அங்கே எப்படி வருவார்கள்? அவர்கள் இருப்பது திருப்பூர் பனியன் கம்பெனியில்! ரத்ததான முகாம் இந்த ஊருக்குப் புதிதல்ல. அதே பந்தலில் இதற்கும் ஒரு மேஜை போடலாம்.

வேலை எவ்வளவு?

பெயர் கொடுக்க ரத்தம்கூட வேண்டாம். 18 வயது நிரம்பிய ஆரோக்கியமானவர் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு அதற்குப் பிறகு அழைப்பே வராது.

வந்தால்? நாலைந்து நாள் ஊசி போடுவார்கள். உடம்பு வலி, தலைவலி இருக்கும். பிறகு ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, மிஷின் வழியாக விட்டு, வேண்டிய மூல அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கையில் திருப்பி ஏற்றுவார்கள். நாலைந்து மணி நேர வேலை. குறைந்த அணுக்களை உடம்பு சில வாரங்களில் ஈடுசெய்துகொள்ளும். “எலும்பை வெட்டுவார்கள், பிள்ளை பிறக்காது” என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

பயத்தை விடப் பெரிய தடை வேறு. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் டெய்லருக்கு ஒரு வாரம் போனால் ஒரு வாரக் கூலி போச்சு. தானத்துக்கு விலை கிடையாது, கூடவும் கூடாது. ஆனால் அந்த வாரக் கூலியைக் கம்பெனி முதலாளி கொடுத்தால் குடி முழுகிவிடாது. இன்னொன்று, ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் போன் நம்பரை மாற்றிவிடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பொருத்தம் வந்தால், பதிவேட்டுக்காரர் யாரைத் தேடுவார்?

பெயர் கொடுத்துவிட்டு, அழைப்பு வந்ததும் வீட்டாரின் பேச்சைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்களும் உண்டு. ஆரம்பத்திலேயே மறுத்துவிட்டால் வேறு ஆளைத் தேடலாம். கடைசி நேரத்தில் மறுப்பதுதான் கொடுமை. ஏனென்றால் புது மஜ்ஜை ஏற்றுவதற்குச் சில நாள் முன்பே, நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்து கொடுத்து அழித்துவிடுகிறார்கள். அதன் பிறகு திரும்பிப் போக வழியே இல்லை. குழந்தை கண்ணாடி அறைக்குள் படுத்திருக்கும். உடம்பில் ஒரு காவல்காரன்கூட இருக்க மாட்டான்.

எடுத்த அணுக்களை ஒரு பையில் நிரப்பி, குளிர்ப் பெட்டியில் வைத்து, ஓர் ஆள் கையோடு கொண்டுபோகிறார். பொதுவாக 72 மணி நேரத்துக்குள் அது நோயாளிக்கு ஏறிவிட வேண்டும். ஆபரேஷன் எதுவும் இல்லை. சாதாரணமாக ரத்தம் ஏற்றுவது போலவே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அணுக்கள் தாமே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறுகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் புது வெள்ளை அணுக்கள் தலைகாட்டுகின்றன. அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை: கொடுத்தவருக்கு என்ன ரத்தப் பிரிவோ, அதுவே குழந்தைக்கும் வந்துவிடுகிறது. ஓ பிரிவில் பிறந்த குழந்தை பி பிரிவாக வீடு திரும்புகிறது. பள்ளிக்கூட அடையாள அட்டையில் அதை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும்.